புளி முதல் சோடா வரை: சமையலறையில் இருக்கும் அமிலங்களும் காரங்களும்

'இரசாயனம்' என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்கு அச்சம் வந்துவிடுகிறது. இரசாயனம் என்றால் தீங்கு, இயற்கை என்றால் நன்மை என்ற எண்ணம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கடையில் வாங்கும் பொட்டலத்தின் பின்புறம் 'சிட்ரிக் அமிலம்' என்று அச்சடித்திருந்தால் அதை அப்படியே வைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்ததும் அதே சிட்ரிக் அமிலம் நிறைந்த எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களும் அவர்களே.

உண்மையில் நாம் உண்ணும் ஒவ்வொன்றும் இரசாயனப் பொருளால் ஆனதுதான். இரசத்தின் புளிப்பு, தயிரின் உறைவு, இட்லியின் உப்பல், மீயின் மஞ்சள் நிறம் ஆகிய எல்லாமே வேதியியல் மாற்றங்கள். ஆகவே, ஒரு பொருள் இரசாயனமா இல்லையா என்று கேட்பதில் பயனில்லை. அது எந்தப் பொருள், எவ்வளவு சேர்க்கப்படுகிறது, எதனுடன் சேர்கிறது, யார் அதைச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பதே பயன் தரும். இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர் வீண் அச்சத்திலிருந்து விடுபடலாம். அதைவிட முக்கியமாக, அஞ்ச வேண்டிய இடத்தில் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

அமிலம் எது, காரம் எது?

சுவைத்தால் புளிப்பவை பெரும்பாலும் அமிலங்கள். அவற்றுக்கு எதிரான தன்மை கொண்டவை காரங்கள். வேதியியலில் காரம் என்பது மிளகாயின் உறைப்பைக் குறிப்பதன்று. கையில் பட்டால் வழவழப்பாகவும் நாவில் பட்டால் சற்றே கசப்பாகவும் இருக்கும் சோடா, சுண்ணாம்பு, சாம்பல் நீர் போன்றவையே காரங்கள். நம் முன்னோர் இதை அறிந்தே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பளத்தில் சேர்ப்பது அப்பளக்காரம், துணி துவைப்பது சவுக்காரம், போராக்ஸ் என்னும் பொருளுக்குப் பெயர் வெண்காரம்.

அமிலத்தின் வலிமையை அளப்பதற்கு 'பிஎச்' என்ற அளவுகோல் உள்ளது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சென் என்ற வேதியியலாளர் 1909ஆம் ஆண்டில் இதை அறிமுகம் செய்தார். வழக்கமாக 0 முதல் 14 வரை செல்லும் இந்த அளவுகோலில் 7 என்பது நடுநிலை. தூய நீர் அந்த இடத்தில் இருக்கிறது. 7க்குக் கீழே போகப் போக அமிலம் கூடும்; மேலே போகப் போக காரம் கூடும். எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2, வினிகர் எனப்படும் காடி 2.5 முதல் 3 வரை, தயிர் 4 முதல் 4.5 வரை, பால் 6.6 அளவு, சோடா கரைத்த நீர் 8க்குச் சற்று மேல். இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 4இல் இருக்கும் தயிரைவிட 2இல் இருக்கும் எலுமிச்சைச் சாறு நூறு மடங்கு அமிலத்தன்மை கொண்டது.

ஒரு பொருள் காரமா என்று பார்க்கக் கருவி இல்லாத காலத்திலும் தமிழர் வீடுகளில் ஒரு சோதனை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலந்ததும் நீர் செக்கச் சிவந்துவிடுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி காரத்தைச் சந்தித்ததும் நிறம் மாறுகிறது. மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே முறையில்தான். மஞ்சள் கறை படிந்த வெள்ளைச் சட்டையில் சவுக்காரம் பட்டதும் கறை சிவப்பதற்கும் இதுவே காரணம். மலாய்க்காரர்கள் 'நாசி கெராபு'வுக்குப் பயன்படுத்தும் நீலச் சங்குப்பூவும் இப்படிப்பட்டதுதான். அந்தப் பூ ஊறிய நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா நிறமாக மாறும்.

ஒவ்வொரு புளிப்புக்கும் ஓர் அமிலம்

எல்லாப் புளிப்பும் ஒன்றல்ல. எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். தயிரிலும் புளித்த மாவிலும் இருப்பது லாக்டிக் அமிலம். காடியில் இருப்பது அசிட்டிக் அமிலம். ஆப்பிளில் மாலிக் அமிலம். இவற்றுள் பலவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஷீலே என்ற மருந்தாளர். டார்டாரிக் அமிலத்தை 1769இலும், புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தை 1780இலும், எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தை 1784இலும் அவர் பிரித்தெடுத்தார்.

பெரும்பாலான பழங்கள் பழுக்கும்போது புளிப்புக் குறைந்து இனிப்பாகும். புளி மட்டும் அப்படியில்லை. பழுத்தாலும் அதன் டார்டாரிக் அமிலம் பெரிதாகக் குறைவதில்லை, சர்க்கரைதான் கூடுகிறது. அதனால்தான் பழுத்த புளியில் புளிப்பும் இனிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. எலுமிச்சைச் சாற்றின் மணம் கொதியில் பறந்துவிடும். புளியின் புளிப்போ கொதிக்கக் கொதிக்கக் குழம்பிலேயே தங்கிவிடும். குழம்பைக் கொதிக்கவிட்டு வற்றச் செய்வதும், எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழிவதும் இதனால்தான்.

மலேசியச் சமையலில் இன்னும் சில புளிப்புகள் உண்டு. மீன் குழம்பிலும் 'அசாம் பெடாஸ்' சமையலிலும் போடும் 'அசாம் கெப்பிங்' உண்மையில் புளியன்று. கேரளத்துக் குடம்புளியின் உறவான ஒரு காயைச் சீவி உலர்த்தியது அது. அதில் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் உள்ளது. சாறு கலங்காமல் புளிப்பு மட்டும் இறங்குவதால் தெளிவான குழம்புக்கு அது ஏற்றது.

'பெலிம்பிங்' எனப்படும் நட்சத்திரப் பழத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் ஆக்சாலிக் அமிலம் நிறைய உண்டு. நலமாக உள்ள ஒருவர் அளவோடு உண்டால் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் இந்தப் பழம் உயிருக்கே ஆபத்தாகலாம். விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். இதற்குக் காரணமான நரம்பு நச்சைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் அடையாளம் கண்டு, அதற்கு 'கரம்பாக்சின்' என்று பெயரிட்டார்கள். நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் பலர் உள்ள நம் சமூகத்தில், இயற்கையான பழம்தானே என்று கூறி நோயாளிக்கு இதைக் கொடுத்துவிடக் கூடாது. இயற்கை என்ற ஒரு சொல் மட்டும் பாதுகாப்புக்கு உறுதியாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

புளிப்பு செய்யும் வேலை

சுவை தருவதோடு அமிலத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை. மீனில் வீசும் கவிச்சிக்குக் காரணம் ட்ரைமெத்தில் அமின் என்ற பொருள். அது காரத்தன்மை கொண்டது. புளியோ எலுமிச்சையோ அதனுடன் சேர்ந்ததும் அது காற்றில் பறக்காத உப்பாக மாறிவிடுகிறது. நாற்றம் மூக்குக்கு எட்டுவதில்லை. மீனை எலுமிச்சையிலோ புளியிலோ கழுவுவதும், மீன் குழம்பைப் புளியில் வைப்பதும் இதனால்தான்.

பருப்பு வெந்த பிறகே புளி விட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதும் வேதியியலுக்குப் பொருந்தியதே. பருப்பு, காய்கறி ஆகியவற்றின் உயிரணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை, அமிலத்தில் எளிதில் கரையாது. புளியை முன்பே விட்டுவிட்டால் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் முழுமையாக மசியாது. உருளைக்கிழங்கும் அப்படியே. காய் குழையாமல் இருக்க வேண்டும் என்றால் புளியை முன்பே விடலாம். மசிய வேண்டும் என்றால் பின்னால் விட வேண்டும்.

கீரையில் புளி சேர்த்தால் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாவதைப் பார்த்திருக்கலாம். பச்சையத்தின் நடுவில் உள்ள மெக்னீசியத்தை அமிலம் வெளியேற்றிவிடுவதே காரணம். நிறம் மாறினாலும் அந்தக் கீரை கெட்டுப்போனதாக ஆகாது.

அமிலத்தின் இன்னொரு பெரிய பணி உணவைக் காப்பது. கொடிய நச்சை உண்டாக்கும் போட்டுலினம் என்ற கிருமி, 4.6க்குக் குறைவான பிஎச் அளவில் வளர முடியாது. எலுமிச்சை ஊறுகாய் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க உப்பும் இந்த அமிலமும் காரணம். பூண்டு போன்ற புளிப்பில்லாத பொருளை வெறும் எண்ணெயில் போட்டு, மூடிய போத்தலில் வெளியே வைப்பது ஆபத்தானது. எண்ணெய் காற்றைத் தடுத்துவிடும். ஆனால் அங்கே அமிலம் இல்லை. போட்டுலினம் வளர்வதற்கு அது ஏற்ற இடமாகிவிடும். இத்தகைய ஊறுகாய்க்குப் புளி, எலுமிச்சை அல்லது காடி போதிய அளவு சேர வேண்டும்.

அதே வேளையில், அமிலத்தால் எல்லாக் கிருமியும் அழிந்துவிடும் என்று நம்புவதும் தவறு. சரவாக்கின் மெலானாவ் மக்கள் 'ஊமாய்' என்றும், சபாவின் கடஸான்டூசுன் மக்கள் 'ஹினாவா' என்றும் அழைக்கும் உணவுகளில் பச்சை மீன் எலுமிச்சைச் சாற்றில் ஊறுகிறது. மீனின் புரதம் அமிலத்தால் மாற்றமடைந்து வெந்தது போல வெளுத்துவிடும். ஆனால் அடுப்பின் வெப்பம் கிருமிகளையும் புழுக்களையும் கொல்வது போல எலுமிச்சை உறுதியாகக் கொல்லாது. மிகப் புதிய, தூய்மையான மீனை மட்டுமே அப்படி உண்ணலாம். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் தவிர்ப்பது நல்லது.

ஒரு சிட்டிகை சோடா

ஆப்ப சோடா, சமையல் சோடா என்றெல்லாம் அழைக்கப்படுவது சோடியம் பைகார்பனேட். அமிலத்தைச் சந்தித்ததும் அது கரியமில வாயுவை வெளியிடும். மாவுக்குள் சிக்கிய அந்த வாயுக் குமிழ்கள்தான் பலகாரத்தை உப்ப வைக்கின்றன. மோர், தயிர், புளித்த மாவு, வாழைப்பழம் போன்ற புளிப்புள்ள ஏதாவது ஒன்று இருந்தால் சோடா நன்றாக வேலை செய்யும். புளிப்பில்லாத மாவில் சோடாவைக் கொட்டினால் அதில் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடும். சூட்டில் அது சலவைச் சோடாவாக மாறும். பலகாரம் சவுக்கார வாடை அடிப்பதும் பழுப்பாவதும் அதனால்தான்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே பேக்கிங் பவுடர். மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாததால், இங்கிலாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்தாளர் 1843இல் இதைத் தயாரித்தார். சோடாவும் தூளாக்கிய ஓர் அமிலமும் மாவுச்சத்தும் அதில் கலந்திருக்கும். நீர் பட்டதும் அமிலமும் சோடாவும் சேர்ந்து வாயுவை வெளியிடும். பழைய பேக்கிங் பவுடர்களில் இருந்த அமிலம் திராட்சை மது வடிக்கும் பீப்பாய்களில் படியும் டார்டார் உப்பு. புளியில் உள்ள அதே டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது.

இட்லி மாவுக்கு உண்மையில் சோடா தேவையில்லை. அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிரிகள் இரவு முழுவதும் வேலை செய்து அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. மாவு பொங்குவதும் புளிப்பதும் அவற்றால்தான். நேரம் போதாத கடைகளே ஊற வேண்டிய மாவைச் சோடாவால் உப்ப வைக்கின்றன. அப்போது உப்பல் கிடைக்கும்; புளிக்கும்போது கிடைக்கும் சுவையும் சத்தும் கிடைக்கா.

கொண்டைக்கடலை சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா போடுவது பல வீடுகளில் உள்ள பழக்கம். காரத்தில் பெக்டின் எளிதில் கரைவதால் கடலை விரைவில் மெத்தென்று ஆகிவிடும். ஆனால் பி1 என்னும் தயமின் சத்து காரத்தில் அழிந்துபோகிறது. இந்தச் சத்தின் அருமையை மலாயா நாடு நன்கு அறியும். 1900களின் தொடக்கத்தில் இங்கே பெரிபெரி நோயால் ஏராளமானோர் மாண்டனர். தீட்டிய வெள்ளை அரிசியை உண்டவர்களிடம் நோய் பரவலாகவும், புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அரிதாகவும் இருந்ததை மருத்துவர் பிராட்டன் எடுத்துக்காட்டினார். கோலாலம்பூரில் வில்லியம் ஃபிளெட்சர் 1905இல் தொடங்கிய ஆய்வும் அரிசியையே சுட்டியது. தவிட்டில் இருந்த அந்தச் சத்து பி1 என்பது பின்னாளில் தெரியவந்தது. தாத்தா பாட்டியைக் காத்த சத்தை ஒரு சிட்டிகை சோடாவில் இழப்பானேன்? கடலையை முதல்நாள் இரவே ஊற வைத்தால் போதும்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் சுமார் 1,250 மில்லிகிராம் சோடியம் உள்ளது. பெரியவர்கள் ஒரு நாளில் 2,000 மில்லிகிராமுக்கும் குறைவாகவே சோடியம் உட்கொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வயிற்று எரிச்சலுக்கு அடிக்கடி சோடா கரைத்துக் குடிப்பவர்கள், உப்பே தொடாமலும் உப்பின் கேட்டை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

மஞ்சள் மீயும் வெண்காரமும்

மஞ்சள் மீயின் நிறத்தைப் பார்த்துச் சாயம் என்று எண்ணுவோர் உண்டு. சாயமே சேர்க்காவிட்டாலும் மீ மஞ்சளாகும். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் ஆகிய உப்புகள் கரைந்த கார நீரில் கோதுமை மாவைப் பிசைகிறார்கள். கோதுமையில் நிறமில்லாமல் இருக்கும் ஒருவகைப் பொருள்கள் காரத்தில் மஞ்சளாகின்றன. மாவின் பசைத்தன்மையும் இறுகுகிறது. மீயைக் கொதிநீரில் அலசினால் அந்தக் கார வாடை போய்விடும். சீனர்கள் செய்யும் 'கீ சாங்' பலகாரத்திலும் இத்தகைய கார நீரே சேர்கிறது. இவை அளவோடு சேர்க்க அனுமதிக்கப்பட்டவை.

ஆனால் வெண்காரம் எனப்படும் போராக்சும் அதன் உறவான போரிக் அமிலமும் அப்படிப்பட்டவை அல்ல. மீ, மீன் உருண்டை போன்றவை 'நறுக்'கென்று மெல்லுவதற்கும் நாள்பட இருப்பதற்கும் இவற்றைச் சிலர் சேர்த்து வந்தனர். உடலில் தேங்கிச் சிறுநீரகத்துக்கும் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் கேடு செய்யக்கூடியவை என்பதால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவற்றை உணவில் சேர்க்க அனுமதி இல்லை.

1988ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் 'லோ சீ ஃபன்' என்னும் அரிசி நூடல்சை உண்ட பிள்ளைகளில் 13 பேர் உயிரிழந்த துயரத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் பற்றிய மருத்துவ ஆய்வுகள் பூஞ்சையில் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்ற நச்சை முக்கியக் காரணமாகக் காட்டின. போரிக் அமிலமும் பேசப்பட்டது. கெட்ட மாவும் தடை செய்யப்பட்ட பொருளும் ஓர் உணவில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது மறக்கக் கூடாத பாடம்.

போரிக் அமிலத்தைக் கண்டறிய ஆய்வுக்கூடங்களில் பயன்படும் பழைய முறையும் மஞ்சளைக் கொண்டதுதான். மஞ்சள் தாளை உணவின் சாற்றில் நனைக்கிறார்கள். ஆனால் மீயின் சாதாரண காரமே மஞ்சளைச் சிவக்க வைத்துவிடும் அல்லவா? அதனால் சாற்றில் முதலில் அமிலம் சேர்த்துக் காரத்தைப் போக்கிவிடுகிறார்கள். அதன் பிறகும் தாள் உலரும்போது சிவந்தால் அது போரிக் அமிலத்தின் வேலை. ஆகவே, மீயில் மஞ்சள் தூவிப் பார்த்துச் சிவந்ததும் கடைக்காரர்மீது பழி போட்டுவிடக் கூடாது. ஐயம் இருந்தால் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்வதே முறை.

அஜினோமோட்டோ அச்சம்

1908இல் தோக்கியோவில் பேராசிரியர் கிக்குனே இக்கேடா, கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணமான குளுட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதன் சோடிய உப்பு 1909இல் 'அஜினோமோட்டோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 1968இல் ஒரு மருத்துவர் சீன உணவகத்தில் சாப்பிட்ட பின் தமக்கு ஏற்பட்ட படபடப்பைப் பற்றி மருத்துவ ஏடு ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அதில் அவர் ஊகமாகச் சொன்ன காரணங்களுள் ஒன்று அஜினோமோட்டோ. அந்த ஊகமே நாளடைவில் தீர்ப்பாகிவிட்டது.

தக்காளி, காளான், தாய்ப்பால் ஆகியவற்றிலும் குளுட்டாமிக் அமிலம் இயல்பாகவே உண்டு. உடல் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. உலக அளவிலான நிபுணர் குழு 1987இல் இதற்கு எண்ணளவில் வரம்பு தேவையில்லை என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2017இல் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வகுத்தது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், சிட்டிகை அளவு நஞ்சன்று. அள்ளிக் கொட்டுவதும் சரியன்று. அதிலும் சோடியம் உண்டு. சாப்பிட்ட பின் தலைவலி வருவதை உணர்பவர்கள் தவிர்த்துக்கொள்ளலாம். நல்ல காய்கறியும் மீனும் போடாமல் தூளால் சுவையை ஒப்பேற்றும் கடைச் சமையல்தான் உண்மையான குறை.

எண்களைப் பார்த்து அஞ்ச வேண்டுமா?

பொட்டலங்களில் காணப்படும் எண்கள் பலரை மிரட்டுகின்றன. அவை அனைத்துலக அளவில் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கப்பட்ட அடையாள எண்கள். 260 என்பது காடியின் அசிட்டிக் அமிலம். 270 தயிரின் லாக்டிக் அமிலம். 300 என்பது வைட்டமின் சி. 330 எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம். 334 புளியின் டார்டாரிக் அமிலம். 500 சோடா வகை. 621 அஜினோமோட்டோ.

இவற்றுள் 330க்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1976 முதல் பிரான்சில் ஒரு துண்டறிக்கை பரவியது. வில்ஷுயிஃப் நகரின் புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டதாக அதில் போலியாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. எண் 330 புற்றுநோயை உண்டாக்கும் மிக ஆபத்தான பொருள் என்றது அந்த அறிக்கை. மருத்துவமனை மறுத்தும் அது நகலெடுக்கப்பட்டுக் கை மாறிக்கொண்டே இருந்தது. உடலின் உயிரணுக்களில் சிட்ரிக் அமிலம் பங்குபெறும் ஆற்றல் சுழற்சியைக் கண்டறிந்து 1953இல் நோபல் பரிசு பெற்றவர் ஹான்ஸ் கிரெப்ஸ். ஜெர்மன் மொழியில் 'கிரெப்ஸ்' என்றால் புற்றுநோய் என்றும் பொருள். 'கிரெப்ஸ் சுழற்சி'யை யாரோ புற்றுநோய்ச் சுழற்சி என்று புரிந்துகொண்டதே இந்தப் புரளிக்கு வித்து என்று கூறப்படுகிறது. இன்று கைத்தொலைபேசியில் வரும் எச்சரிக்கைகளை மற்றவர்களுக்கு அனுப்பும் முன் இந்தக் கதையை நினைத்துப் பார்ப்பது நல்லது.

பாத்திரமும் கவனிக்கத்தக்கது

புளியும் எலுமிச்சையும் உலோகத்தை அரிக்கும். பூச்சு இல்லாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளிக்குழம்பு வைத்தால் செம்பு குழம்பில் இறங்கிக் குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசினார்கள். அந்த ஈயம் வெள்ளீயம். நஞ்சான காரீயம் அன்று. இரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதாகவே இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் சொம்பில் காரீயம் கலந்திருந்தால், புளிப்பான இரசம் அதைக் கரைத்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும். நம்பகமான இடத்தில் மட்டுமே வாங்க வேண்டும். ஐயம் இருந்தால் எவர்சில்வர் பாத்திரமே போதும். ஊறுகாயைக் கண்ணாடி அல்லது நல்ல பீங்கான் சாடியில் வைப்பதே பாதுகாப்பு.

கித்தாப் பால் தரும் பாடம்

பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறது. தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் இதே மாற்றத்தை வேறிடத்தில் பார்த்திருப்பார்கள். கித்தா மரத்துப் பாலில் அமிலத்தை ஊற்றியதும் அது உறைந்து கட்டியாகிவிடும். இரண்டு பாலிலும் நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. அமிலம் அந்த விலக்கும் ஆற்றலைப் போக்கியதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. விதி ஒன்றுதான், அமிலம் வேறு. கித்தாப் பாலுக்கு ஊற்றுவது ஃபார்மிக் அமிலம். மலாய் மொழியில் அதை 'சுக்கா கெத்தா' என்பார்கள். சமையல் காடிக்கும் 'சுக்கா' என்றே பெயர். இரண்டும் நிறமற்ற நீர் போன்றவை. மூக்கைத் துளைக்கும் நெடி கொண்டவை.

சமையல் காடியில் அமிலம் 4 அல்லது 5 விழுக்காடுதான். ஃபார்மிக் அமிலமோ அடர்த்தியாக விற்கப்படுவது. சில மிடறுகளே தொண்டையையும் இரைப்பையையும் வெந்துபோகச் செய்து, சிறுநீரகத்தையும் செயலிழக்க வைத்துவிடும். தண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைக்கப்படும் அமிலம், குழந்தையின் கைக்கு எட்டும் மரணம். எந்த அமிலத்தையும், கழிவறை கழுவும் திரவத்தையும், அதன் சொந்தப் போத்தலில், பெயர் தெரியும்படி, பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும். உணவுப் போத்தலுக்கு மாற்றவே கூடாது.

யாராவது தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உள்ளே போகும்போது சுட்ட அமிலம் வெளியே வரும்போதும் மறுபடி சுடும். அமிலத்துக்கு எதிர் காரம் என்று எண்ணிச் சோடா கரைத்துக் கொடுப்பதும் தவறு. அப்போது உண்டாகும் வெப்பமும் வாயுவும் புண்பட்ட இரைப்பையைக் கிழித்துவிடலாம். வாயை மட்டும் நீரால் கொப்பளிக்கச் செய்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசர மருத்துவ வண்டிக்கு மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை வழங்குகிறது.

வீடு துடைக்கும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்துடன் காடியையோ எலுமிச்சையையோ சேர்த்தால் குளோரின் வாயு வெளியேறும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும். தனித்தனியே பயனுள்ள இரண்டு பொருள்கள் சேர்ந்தால் நஞ்சாகலாம்.

ஆக, அடுப்படியில் உள்ள அமிலமும் காரமும் நம் பகைவர்கள் அல்லர். புளியை எப்போது விடுவது, கடலையை எப்போது ஊற வைப்பது, குழம்பை எதில் வைப்பது என்று நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த அறிவு, வேதியியல் பாடமே அன்றி வேறில்லை. அந்தப் பாடத்தைக் காரணத்தோடு அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகளுக்கு அறிவியலும் இனிக்கும், சமையலும் கைகூடும். பொட்டலத்தில் உள்ள எண்ணைப் படிப்பது, போத்தலுக்குப் பெயர் ஒட்டுவது, தடை செய்யப்பட்டதைக் கண்டால் புகார் செய்வது ஆகிய மூன்று பழக்கங்களும் ஒவ்வொரு குடும்பத்திலும் வர வேண்டும். இவற்றைப் பழகுவதற்குச் செலவு ஏதுமில்லை. பழகாமல் விட்டால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை ஓர் உயிராகவும் இருக்கலாம்.